கலாய்ப்பதற்கு ஒரு ஸ்கோர் வேண்டும்

அணுபுரத்தில் கால்பந்து ரசிகர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்கும் வேலைக்கு வந்தவர்கள் பெட்டி படுக்கையோடு தங்கள் அணியையும் கொண்டுவந்துவிட்டார்கள். மலப்புறத்துக்காரருக்கு அர்ஜென்டினா, அவருடைய மச்சினனுக்கு பிரேசில். கொல்கத்தாக்காரர்கள் மோகன் பகான் என்றும் ஈஸ்ட் பெங்கால் என்றும் பிறக்கும்போதே பிரிந்தவர்கள். வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்த நம்மூர்ப் பையன்களுக்குச் சென்னையின் எஃப்சி.

வங்காளத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால். மோகன் பகான் ஜெயித்த மறுநாள் காலையில் சதுரங்கப்பட்டினத்தில் இறால் வாங்கும் நண்பர் ஒருவர், பையைத் தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போக மாட்டார். தோற்ற கட்சிக்காரர் குடியிருக்கும் பிளாக் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவார். "தாதா, இறால் நல்லா இருக்கா?" என்று மாடியிலிருந்து குரல் வரும். அதைக் கேட்பதற்காகத்தான் அந்தச் சுற்று.

கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்களிடம் நம்மவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "கப் எங்கே, சேட்டா?" சென்னையின் எஃப்சி 2015இலும் 2018இலும் ஐஎஸ்எல் கோப்பையை வாங்கியது. பிளாஸ்டர்ஸ் மூன்று முறை இறுதிப் போட்டி வரை போய் வெறுங்கையோடு திரும்பியது. "உங்க ஸ்டேடியத்துலயே எங்க ஆளுதானே ஜாஸ்தி" என்று பதில் வரும். சென்னை நேரு விளையாட்டரங்கில் மஞ்சள் சட்டைக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பதிலை லேசாகத் தள்ளிவிட முடியாது.

2022 உலகக் கோப்பை சமயத்தில் கோழிக்கோடு பக்கம் புல்லாவூரில் ஆற்றுக்குள் மெஸ்ஸிக்கு 30 அடி கட்அவுட் வைத்தார்கள். உடனே பிரேசில் கட்சி நெய்மருக்கு 40 அடியில் வைத்தது. கட்அவுட் விஷயத்தில் தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஆற்றின் நடுவே அந்த இரண்டும் நின்ற படத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. விளையாட்டை நேசிப்பதில் கேலிக்குப் பெரிய பங்கு உண்டு என்று நம்புகிறவன் நான். அர்ஜென்டினா சவுதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்ற மதியம், பிரேசில் குரோஷியாவிடம் பெனால்டியில் வெளியேறிய இரவு, இரண்டுமே எங்கள் குடியிருப்பில் ஆயுசுக்கும் பேச்சாகிவிட்டன.

இந்தக் கலாய்ப்பு நடக்க ஒன்று தேவை. இரண்டு தரப்பும் ஸ்கோரை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ரெஃபரியைத் திட்டலாம், ஆஃப்சைடு என்று கத்தலாம், ரொனால்டோவை "பெனால்டோ" என்று வாரலாம். களத்தில் நடந்தது நடந்ததுதான் என்ற நம்பிக்கை மட்டும் அடியில் இருக்க வேண்டும். அது போய்விட்டால் ஜெயித்தவனுக்குப் பெருமையும் இல்லை, தோற்றவனுக்கு மறு ஆட்டம் என்ற ஆசையும் இல்லை.

2023 அக்டோபரில் அந்த நம்பிக்கையை அசைக்கும் ஒரு செய்தி வந்தது. உலகக் கோப்பையை வென்ற அர்ஜென்டினா அணியில் இருந்த பாப்பு கோமெஸுக்கு இரண்டு ஆண்டுத் தடை. கோப்பைக்குச் சற்று முன்பு, செவில்லா கிளப்பில் இருந்தபோது எடுத்த பரிசோதனையில் டெர்புடலின் என்ற மருந்து தெரிந்தது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து அது. குழந்தையின் இருமல் சிரப்பைத் தெரியாமல் ஒரு வாய் குடித்துவிட்டேன் என்றார் அவர். பிரேசில் கட்சிக்குக் கொண்டாட்டம்: "அப்போ கப்பும் சிரப்பாலதான் வந்துச்சா?" அர்ஜென்டினா கட்சியோ ஒரே நாளில் மருத்துவர்களாக மாறிவிட்டது. டெர்புடலின் எத்தனை மணி நேரம் உடம்பில் நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படியாகிவிட்டது. இதே மருந்து ஒரு பிரேசில்காரர் சிறுநீரில் தெரிந்திருந்தால் இரண்டு கட்சியும் அப்படியே இடம் மாறி நின்றிருக்கும்.

1994இலும் இப்படித்தான். நைஜீரியாவோடு ஆடி முடித்ததும் மரடோனாவை ஒரு நர்ஸ் கையைப் பிடித்து மைதானத்திலிருந்து பரிசோதனைக்கு அழைத்துப் போனார். தடைசெய்த எபிட்ரின் மருந்து இருந்தது. உலகக் கோப்பையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது சதி என்று இன்றும் தொண்டை கட்டக் கத்துகிறவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். மரடோனாவை நேசித்தவர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் நேசம் ஒருவரைச் சாட்சியாக்கிவிடாது.

சைக்கிள்காரர்கள் இந்த ஊக்கமருந்துப் பேச்சில் எப்போதும் தலைகுனிந்துதான் உட்கார்ந்திருப்பார்கள். வார இறுதியில் ஈசிஆரில் சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை கூட்டம் கூட்டமாக ரோடு பைக்கில் வருகிறார்கள். எங்கள் குடியிருப்பிலிருந்தும் விடியுமுன்னே கிளம்பிப்போய் அவர்களோடு சேர்ந்துகொள்ளும் சிலர் உண்டு. ஜூலை மாதம் டூர் டி பிரான்ஸ் பற்றி வாய் திறந்தால் போதும், கால்பந்துக் கட்சி எல்லா வேற்றுமையையும் மறந்து ஒன்றுகூடிவிடும். "உங்க ஆட்டம் ஊசி ஆட்டம்தானே, சார்?"

இதற்கு மறுப்புச் சொல்வது கடினம். 1967இல் டாம் சிம்ப்சன் மோன்ட் வான்டூ மலை ஏறும்போது ஆம்ஃபெட்டமினும் மதுவும் வெயிலும் சேர்ந்து சாலையிலேயே விழுந்து செத்தார். 1998இல் ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வோட் கார் நிறைய ஈபிஓ மருந்தோடு எல்லையில் பிடிபட்டார். ஈபிஓ என்பது ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும் ஹார்மோன். சிவப்பணு கூடினால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் கூடும், மூன்று வாரம் மலை ஏறும் காலுக்குக் களைப்பு தள்ளிப்போகும். நேரடியாகக் கண்டுபிடிக்க வழியில்லாத காலத்தில், 1997இல், சைக்கிள் சம்மேளனம் ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு கோடு போட்டது. மருத்துவர்கள் அந்தக் கோட்டுக்கு ஒட்டி நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்கள் 2012இல் பறிக்கப்பட்டன. 1999 முதல் 2005 வரை டூர் வெற்றியாளர் பட்டியலில் இன்று பெயரே கிடையாது. ஏழு வருட ஸ்கோரே இல்லாமல் போய்விட்ட ஆட்டத்தில் யார் யாரைக் கலாய்ப்பது?

ஆனால் கால்பந்துக் கட்சியிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 2006இல் ஸ்பெயினில் ஃபுவென்டெஸ் என்ற மருத்துவரைப் பிடித்தபோது அவருடைய குளிர்பெட்டிகளில் வீரர்களுக்குத் திரும்ப ஏற்றுவதற்கான இருநூறுக்கும் மேற்பட்ட ரத்தப் பைகள் கிடைத்தன. சைக்கிள்காரர்களின் பெயர்கள் உலகம் முழுக்க வந்தன. 2013இல் நீதிமன்றத்தில் அவர், தன்னிடம் வந்தவர்களில் கால்பந்து வீரர்களும் டென்னிஸ் வீரர்களும் இருந்தார்கள் என்றார். அந்தப் பெயர்களைச் சொல்லச் சொல்லி நீதிபதி கேட்கவில்லை. பைகளை அழித்துவிடும்படிதான் முதல் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் 2016இல் அது மாறுவதற்குள் தண்டிக்கும் காலக்கெடு கடந்துவிட்டது. சைக்கிளுக்கு இத்தனை கெட்ட பெயர் வந்ததற்கு ஒரு காரணம், அங்கே தோண்டிப் பார்த்தார்கள் என்பது. தோண்டாத நிலத்தில் பிணம் இல்லை என்று சத்தியம் செய்ய நான் தயாராக இல்லை.

"எல்லாரும் போட்டா எல்லாருக்கும் சமம்தானே?" இந்த வாதத்தைப் படித்தவர்களே சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. சமம் கிடையாது. பிறப்பிலேயே சிவப்பணு 47 சதவீதம் இருப்பவனுக்கு 50ஐத் தொடக் கொஞ்சம்தான் இடம். 40 இருப்பவனுக்குப் பெரிய தாவல் கிடைக்கும். காசுள்ளவனுக்கு நல்ல மருத்துவர், இல்லாதவனுக்குக் கள்ளச்சரக்கு. எல்லாவற்றுக்கும் மேல், போட மறுத்தவன் என்று ஒருவன் இருக்கிறானே, அவன் எங்கே போவான்?

கிறிஸ்தோஃப் பாசோன்ஸ் என்ற பிரெஞ்சு வீரரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஃபெஸ்டினா அணியில் இருந்துகொண்டே ஈபிஓ எடுக்க மறுத்தவர். விசாரணையில் சக வீரர்களே அவர் சுத்தமானவர் என்று சொன்னார்கள். 1999 டூரில் ஓட்டிக்கொண்டே பத்திரிகையில் எழுதினார்: இந்த வேகம் நம்பும்படி இல்லை என்று. ஆம்ஸ்ட்ராங் ஓடும் பந்தயத்துக்கு நடுவே அவர் பக்கத்தில் வந்து, இப்படிப் பேசுவது சைக்கிளுக்கு நல்லதல்ல, வீட்டுக்குப் போ என்றார். மற்ற வீரர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சொந்த அணியே துணை நிற்கவில்லை. பாரிஸ் போய்ச் சேராமலே அவர் விலகினார். தோற்கடித்தது மலையல்ல, கூட்டத்தின் மௌனம். ஆம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கை படங்களாகவும் புத்தகங்களாகவும் வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு பாசோன்ஸைத்தான் பிடிக்கிறது. அவரைப் பற்றிப் பேசாத ஊக்கமருந்து விவாதம் குறையானது என்றே நினைக்கிறேன்.

பரிசோதனை என்றாலே அவமானம் என்று நினைக்கும் பழக்கம் விளையாட்டில் ஏன் இருக்கிறது என்று எனக்கு விளங்குவதே இல்லை. இங்கே கல்பாக்கத்தில் கதிர்வீச்சுப் பகுதிக்குள் நுழையும் ஒவ்வொருவரும் மார்பில் டிஎல்டி பேட்ஜ் குத்திக்கொள்கிறார்கள். விஞ்ஞானியும் குத்திக்கொள்கிறார், ஒப்பந்தத் தொழிலாளியும் குத்திக்கொள்கிறார். குறித்த காலத்தில் அதை எடுத்துப் படித்து, உடம்பு வாங்கிய அளவைப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். ஓர் ஆண்டில் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது, ஐந்தாண்டு சராசரி 20 என்பது விதி. அந்தப் பதிவு பணிக்காலம் முழுவதும் அவரோடு வருகிறது. என்னைச் சந்தேகப்படுகிறாயா என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. 2008இல் சைக்கிள் சம்மேளனம் கொண்டுவந்த உயிரியல் பாஸ்போர்ட்டும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு மருந்தைத் தேடி ஓடாமல், ஒருவருடைய ரத்தத்தை ஆண்டுக்கணக்கில் அவருடைய பழைய ரத்தத்தோடேயே ஒப்பிடுவது. 2024 டூரில் பிளாட்டோ டி பேய் மலையில் பொகாச்சார் என்ற வீரர், ஈபிஓ காலத்து வீரர் பான்டானியின் 1998 நேரத்தை மூன்று நிமிடங்களுக்கும் மேலாக முறியடித்தார். உடனே சந்தேகக் குரல்கள் எழுந்தன. அவர் எந்தப் பரிசோதனையிலும் சிக்கியதில்லை. சைக்கிளும் உணவும் பயிற்சியும் இருபத்தாறு வருடத்தில் வெகுவாக மாறிவிட்டன. கேள்வி கேட்கலாம், அதற்குக் காரணம் உண்டு. கேள்வியையே தீர்ப்பாக எழுதினால் அது பாசோன்ஸ் போன்ற ஒருவருக்குச் செய்யும் இன்னொரு துரோகமாகிவிடும்.

இதெல்லாம் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் நடக்கும் சமாசாரம் என்று ஒதுக்க முடியாது. 2024இல் இந்தியாவில் 7,113 மாதிரிகள் எடுத்ததில் 260இல் தடைசெய்த மருந்து தெரிந்தது என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் கணக்கு சொல்கிறது. பெரிய அளவில் பரிசோதிக்கும் நாடுகளில் அந்த ஆண்டு நாம்தான் முதலிடம்.

தமிழ்நாட்டுக்காரர்கள் கோமதி மாரிமுத்துவை மறந்திருக்க மாட்டார்கள். திருச்சி பக்கம் முடிகண்டம் கிராமம். 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். கடைசி நூறு மீட்டரில் அவர் முன்னால் பாய்ந்ததைப் பார்த்து எழுந்து நின்று கத்தியவர்களில் நானும் ஒருவன். ஒரு மாதம் கழித்து, அவர் மாதிரியில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு தெரிந்ததாகச் செய்தி. நான்கு ஆண்டுத் தடை விதித்தார்கள், மார்ச் 18 முதல் மே 17 வரை அவர் பெற்ற முடிவுகளை ரத்து செய்தார்கள், பதக்கமும் போயிற்று. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றே அவர் சொன்னார். தீர்ப்பாயம் ஏற்கவில்லை. விளையாட்டு விதியில் வீரரின் உடம்புக்குள் இருப்பதற்கு வீரரே பொறுப்பு. வேறு விதி வைத்தால் எல்லாரும் சிரப்பைக் காட்டித் தப்பித்துவிடுவார்கள் என்பதால் அந்த விதியை நான் ஏற்கிறேன். கால் நொடி பின்னால் வந்த சீனாவின் வாங் சுன்யூ அந்த மாலையில் மேடையின் உச்சியில் நிற்க வேண்டியவர். அதையும் நினைக்க வேண்டும்.

ஆனால் அன்றைக்கு இங்கே நடந்தது வேறு. ஏப்ரலில் தங்கமகள் என்று தலையில் தூக்கி வைத்தவர்கள் மே மாதத்தில் அதே வாயால் மீம் போட்டார்கள். அது கலாய்ப்பு அல்ல. கலாய்ப்பு எதிரே நிற்கிறவனிடம் செய்வது, அவன் திருப்பிக் கொடுப்பான் என்று தெரிந்து செய்வது. கிராமத்திலிருந்து ஓடி வந்த ஒரு பெண் யாருக்கு, எங்கே திருப்பிக் கொடுப்பார்?

எங்கள் பக்கத்து மைதானத்தில் விடிகாலையில் காவலர் தேர்வுக்கு ஓடும் பையன்களைப் பார்க்கிறேன். கல்பாக்கம், புதுப்பட்டினம், திருக்கழுக்குன்றம் சுற்றுவட்டாரப் பிள்ளைகள். பாதிப் பேர் கையில் ஏதோ ஒரு பவுடர் டப்பா இருக்கிறது. ஜிம்மில் அண்ணன் கொடுத்தார், லேபிள் இங்கிலீஷில் இருக்கிறது, விலை அதிகம், அதனால் நல்லதாகத்தான் இருக்கும் என்கிறார்கள். 2022இல் ஊக்கமருந்துத் தடுப்புக்கென்றே தனிச் சட்டம் வந்துவிட்டது. பயிற்சியாளரும் மருத்துவரும் கூட அதன் பிடிக்குள் வருகிறார்கள். ஆனாலும் தடை அறிவிப்பு வரும்போதெல்லாம் செய்தியில் படமும் ஊரும் பெயரும் ஓட்டக்காரருடையவை மட்டுமே. நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அப்படி ஒரு செய்தி வந்தால், மருந்து யார் கையிலிருந்து வந்தது என்று தேடிக் கடைசி வரி வரை படிக்கிறேன். பெரும்பாலும் அந்த வரி இருப்பதில்லை. டப்பாவைக் கொடுத்த அண்ணனின் பெயரும் அந்தச் செய்தியில் வர வேண்டும்.