அப்பாவின் ஸ்பின்னர் டப்பா

எங்கள் பண்ணைக்குட்டையில் விரால் பிடிக்க நான் தவளையும் கோர்ப்பதில்லை, மண்புழுவும் கோர்ப்பதில்லை. அப்பா விட்டுப்போன பிஸ்கட் டப்பாவில் 11 பழைய ஸ்பின்னர்கள் இருக்கின்றன. அதில் ஒன்றைக் கட்டி எறிவேன்.

அப்பா நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அங்கே அவலாஞ்சியில் 1907-லேயே டிரவுட் மீன்குஞ்சுப் பண்ணை வந்துவிட்டது. தோட்டத்து துரைமார்களுக்கு லீவு நாள் என்றால் தூண்டில்தான். வேலையை விட்டுப் போன ஒரு மேனேஜர் கொடுத்த டப்பா இது. ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் பழைய சாமான் கடைகளில் துழாவி நானும் ஆறேழு சேர்த்திருக்கிறேன். சிலவற்றின் தகட்டில் மெப்ஸ் என்று பொறித்திருக்கும். 1938-ல் பிரான்சில் தொடங்கிய கம்பெனி. கூடவே இருக்கும் எண், அளவைக் குறிப்பது. விராலுக்கு 3, 4 சரியாக இருக்கிறது.

ஒரு கம்பி, அதில் பித்தளைக் குண்டு, மேலே முட்டை வடிவத் தகடு, கீழே மும்முள். அவ்வளவுதான். இழுத்தால் தகடு கம்பியைச் சுற்றிச் சுழலும். அந்த மினுக்கும் அதிர்வும்தான் இரை. கலங்கல் தண்ணீரிலும் மீன் அதிர்வை உடம்பின் பக்கக்கோட்டால் உணர்ந்துவிடும். ரீலை வேகமாகச் சுற்றாதீர்கள். தகடு சுழல்வது கைக்குத் துடிப்பாகத் தெரிய வேண்டும், அந்த அளவு போதும். நரம்புக்கும் ஸ்பின்னருக்கும் நடுவே சுவிவல் போடாவிட்டால் நரம்பு முறுக்கிக்கொண்டு தொல்லை. பாசிக்குள் எறிந்தால் பாசிதான் வரும்.

ஒருநாள் வீட்டம்மா, கறுத்துக் கிடந்த தகடுகளைப் புளி போட்டுத் தேய்த்து குத்துவிளக்கு மாதிரி ஆக்கிவிட்டார். பழசு சேர்ப்பவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கும் கோபம்தான். மறுநாள் கலங்கல் தண்ணீரில் அதே தகட்டை நல்ல விரால் ஒன்று அடித்தது. கோபத்தை வெளியில் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மழை விட்டிருந்தது. கரையோரம் செம்மண் தூவியதுபோல் விரால் குஞ்சுகள் கூட்டமாக மிதந்தன. பார்த்துக்கொண்டேதான் பக்கத்தில் எறிந்தேன். முதல் இழுப்பிலேயே காவல் நின்ற விரால் பாய்ந்து அடித்தது. பசியில் அல்ல, குஞ்சுகளைக் காக்க. முக்கால் கிலோ இருக்கும். அன்று ராத்திரி குழம்பு. மறுநாள் காலையில் நீர்க்காகங்கள் வந்து இறங்கின. மூன்றாம் நாள் அந்தச் சிவப்பு எங்கேயும் இல்லை. அவ்வளவும் அடுத்த வருஷம் எங்களுக்கு மீனாகியிருக்க வேண்டியவை.

இப்போது இரண்டு ஸ்பின்னரில் மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டியிருக்கிறேன். நுனியிலுள்ள எதிர்முள்ளையும் குறடால் நசுக்கியாயிற்று. சின்னதையும் சினையையும் காயமில்லாமல் திரும்ப விட முடிகிறது. மழை மாதங்களில் டப்பா பரணில் இருக்கும். தை எப்போது வரும் என்று பேரன் தினமும் காலண்டரைக் கிழிக்கும்போது கேட்கிறான்.