கண்டதெல்லாம் அடையாளமா?

எலவனாசூர்கோட்டையிலிருந்து கிழக்கே செல்லும் நெடுஞ்சாலை உளுந்தூர்பேட்டையை அடைகிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேய அரசு அமைத்த விமான ஓடுதளம் ஒன்று அவ்வூரில் உண்டு. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் சப்பானியரின் குண்டுவீச்சுக்கு ஆளாயின. கீழைக் கடற்கரை முழுவதும் அஞ்சிக் கிடந்த காலம் அது. செயற்கைக்கோள் வழிகாட்டி 1995-இல்தான் முழுமை பெற்றது. அன்றைய விமானிக்குத் துணையாக இருந்தவை திசைகாட்டி, கடிகாரம், மடியில் விரித்த வரைபடம், கீழே தெரியும் மண் ஆகியவையே.

விழுப்புரத்திலிருந்து இருப்புப்பாதையை ஒட்டித் தெற்கே பறந்தால் முதலில் தென்பெண்ணை குறுக்கிடும். அதைக் கடந்த பின்னரே கெடிலம். கோடையில் இரண்டும் மணற்கோடுகளே. இரண்டின் மீதும் இரயில் பாலம் உண்டு. இறங்கும் ஆவலில் பெண்ணையைக் கெடிலமென்று கொள்பவர், ஓடுதளம் இல்லாத இடத்தில் அதைத் தேடி எரிபொருளை இழப்பார். ஆதலால் விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் முறை இது: முதலில் கடிகாரம், அடுத்து வரைபடம், அதன்பின் தரை. இந்நேரத்தில் எங்கே இருக்கவேண்டும் என்பதை முன்னரே கணித்து, அங்கே காணவேண்டியதைத் தேடவேண்டும். அதுவும் ஓர் அடையாளம் போதாது. ஆறு, பாலம், ஊர் மூன்றும் ஒத்துவர வேண்டும்.

நம் பங்கு இளைஞர் ஒருவர் கணிப்பொறியில் அக்காலப் போர்விமானம் ஓட்டும் விளையாட்டை நமக்குக் காட்டினார். வரைபடத்தில் விமானத்தின் இருப்பிடம் தெரியாதவாறு செய்துவிட்டு, தரையை மட்டும் பார்த்து ஓட்டினார். "நாம் விரும்பிவிட்டால் எந்த ஆறும் நமக்கு வேண்டிய ஆறாகத்தான் தெரியும், சாமி" என்றார். மறையுரைக்குரிய கருத்து அது!

"சாமி, ஆண்டவர் அடையாளம் காட்டிவிட்டார்" என்று நம்மிடம் வருவோர் பலர். இருக்கும் நிலத்தை விற்று வெளிநாட்டு வேலைக்காக முகவரிடம் பணம் கட்டத் துணிந்த தந்தை, நவநாள் முடிந்த அன்றே தொலைபேசி வந்ததை இறைவனின் அழைப்பு என்கிறார். மகளின் மனத்தைக் கேளாமல் மணம் பேசிய தாய், தாம் ஏற்றிய மெழுகுதிரி காற்றில் அணையாததை இறைவனின் இசைவு என்கிறார். இறைவன் பேசுவதில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் முன்பே முடிவெடுத்துவிட்ட உள்ளம் தரையை முதலில் பார்க்கிறது. கண்டதையெல்லாம் தன் வரைபடத்தில் பொருத்திக்கொள்கிறது.

கீழ்த்திசை ஞானிகள் விண்மீனைக் கண்டு புறப்பட்டார்கள். எனினும் எருசலேமில் நின்று விசாரித்தார்கள். மீக்கா இறைவாக்கினர் குறித்த ஊர் பெத்லகேம் என்று அறிந்தார்கள். விண்மீனும் மறைநூலும் ஒரே இடத்தைக் காட்டிய பின்னரே குழந்தையின் முன் மண்டியிட்டார்கள்.

நமக்கும் கணிக்கப்பட்ட வழி ஒன்று உண்டு: கட்டளைகள், குடும்பக் கடமை, நம் முடிவின் சுமையைத் தாங்கப்போகிறவர்களின் குரல். அவற்றோடு ஒத்துவரும் அடையாளத்தை நன்றியோடு ஏற்போம். ஆகவே அந்தத் தந்தையிடம் நாம் கேட்பது ஒன்றே: "பத்திரம் எழுதுமுன் உம் மனைவியைக் கேட்டீரா?" அந்தப் பதில் வரும்வரை தரையிறங்க வேண்டாம்.