புதுக் குழல், பழைய உடம்பு



தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. என் கையில் வெண்கட்டியைத் தவிர வேறு ஆயுதம் இருந்ததுமில்லை. ஆனாலும், பள்ளி விடுமுறை ஒன்றில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குப் போயிருந்தபோது, பழைய துப்பாக்கி ஒன்றின் முன்னால் நான் நிற்க நேர்ந்தது.

அங்கே என் அத்தை மகன் சிறு மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறான். நம் தோட்டங்களில் செம்பனங்கன்றுகளைக் குதறிப் போடும் காட்டுப்பன்றிதான் அங்கேயும் எதிரி. அவனிடம் லைசென்ஸ் உண்டு. ஒவ்வொரு துப்பாக்கி வாங்குவதற்கும் தனித்தனியாக அனுமதி பெற வேண்டும். அதற்கு மனுப் போடுமுன் சாமானைப் பார்க்க என்னையும் தன் பதினைந்து வயது மகனையும் அழைத்துப் போனான்.

அது வின்செஸ்டர் 1892 என்னும் வகை. ஜான் பிரௌனிங் என்னும் அமெரிக்கர் வடிவமைத்தது. விசைக்குக் கீழே உள்ள வளையத்தை முன்னால் தள்ளி இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். அடுத்த தோட்டா உள்ளே ஏறும். நூறு வயதைத் தாண்டிய துப்பாக்கி. ஆனால் அதன் குழல் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது. பழைய குழல் துருப்பிடித்துப் போனதால் மாற்றிவிட்டார்களாம். முன்பு 44-40 என்ற பழைய தோட்டாவுக்கு இருந்தது. இப்போது 44 மேக்னம் போடலாம் என்றார் விற்பவர். விலையும் சகாயம். பையன் அந்தக் கட்டையைத் தடவிக்கொண்டே நின்றான்.

எனக்கோ என் தகப்பனார் ஞாபகம் வந்தது. அவர் எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்தவர். "குழாய மாத்திட்டா பாய்லர் புதுசாயிடுமா? நீராவி தள்ளுறது குழாய மட்டுமில்லடா, மொத்த உடம்பையும்தான்" என்பார்.

"மச்சான், குழல்ல என்ன தோட்டான்னு எழுதியிருக்கா பாரு" என்றேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஓர் எழுத்தும் இல்லை. யார் மாற்றினார்கள் என்பதற்குச் சீட்டும் இல்லை. "நானே எத்தனையோ தடவை சுட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று விற்பவர் சிரித்தார். மச்சானுக்குக் கூச்சமாகிவிட்டது. "மனுசன் சொல்றாருல்ல, விடு மச்சான்" என்றான். நான் விடவில்லை. கடைசியில் விற்பவரே துப்பாக்கியைப் பட்டணத்திலிருந்த பட்டறைக்குக் கொண்டுவரச் சம்மதித்தார்.

அந்தப் பட்டறைக்காரர் வயதானவர். முதல் வேலையாக, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, குறைந்த சூட்டில் உருகும் ஓர் உலோகத்தைத் தோட்டா உட்காரும் அறையில் ஊற்றி, இறுகியதும் எடுத்து அளந்தார். 44 மேக்னம் அறைதான் என்று தெரிந்தது.

அடுத்து இரண்டு அளவுக் கட்டைகளை எடுத்தார். ஒன்றை உள்ளே வைத்தால் துப்பாக்கி மூட வேண்டும். சற்றே தடித்த மற்றதை வைத்தால் மூடக்கூடாது. மூடிவிட்டால், தோட்டாவின் அடிக்கும் அதைப் பின்னாலிருந்து தாங்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி அதிகம் என்று பொருள். அப்படி இருந்தால் சுடும்போது கூடு கிழிந்து, சூடான வாயு சுடுபவர் முகத்தை நோக்கித் திரும்பக்கூடும்.

தடித்த கட்டையை வைத்தார். துப்பாக்கி தடையில்லாமல் மூடிக்கொண்டது.

மச்சான் முகம் வாடியது. "அதைச் சரிசெய்ய முடியாதா?" என்று கேட்டான்.

"இடைவெளியைச் சரிசெய்யலாம். இரும்பின் வயதை என்ன செய்வது?" என்றார் பெரியவர். 44-40 தோட்டாவின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,000 பவுண்டு. 1955-இல் வந்த 44 மேக்னத்துக்கோ 36,000 பவுண்டு. மூன்று மடங்குக்கும் மேல்! செய்த கம்பெனியின் மேல் குறையில்லை. அவர்கள் அந்தக் காலத்துத் தோட்டாவுக்குத்தானே செய்தார்கள்? அதன் பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால் அக்காலத்து எஃகு இக்காலத்து எஃகு அல்ல.

மச்சான் விடவில்லை. "அழுத்தம் குறைந்த 44 ஸ்பெஷல் தோட்டாவும் இந்த அறையில் போகுமே. அதை மட்டும் போட்டுச் சுடுகிறேன்" என்றான்.

பெரியவர் பையனைப் பார்த்தார். "நீங்கள் மறக்கமாட்டீர்கள். உங்களுக்குப் பிறகு இது இவன் கைக்கு வரும். குழலிலோ ஒன்றும் எழுதியிருக்காது. கடையில் மேக்னம் கிடைக்கும், போட்டால் போகும். அன்றைக்கு யார் பக்கத்திலிருந்து சொல்வது?"

மச்சான் பதில் சொல்லவில்லை. மகனின் தோள்மேல் கையைப் போட்டுக்கொண்டான். சோதித்த கூலியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். பையன் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான், "மாமா, அவரு எத்தனையோ தடவ சுட்டேன்னாரே, அது பொய்யா?" என்று கேட்டான்.

"பொய்யா இருக்காதுய்யா. அத்தனை தடவையும் தப்பிச்சிருப்பாரு" என்றேன்.

வாசகர்களே, நம்மில் யாரும் துப்பாக்கி வாங்கப்போவதில்லை. ஆனால் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறோம். பழைய கேஸ் அடுப்பு வாங்குகிறோம். "இதில் எதை மாற்றினீர்கள்? யார் மாற்றியது? மாற்றாமல் விட்டது புதிய பாரத்தைத் தாங்குமா?" என்று கேட்க நமக்கு வெட்கம். விற்பவர் மனம் நோகுமே என்று வாயை மூடிக்கொள்கிறோம். அன்று அந்தப் பட்டறையில் மச்சானுக்கும் அரைமணி நேரம் கூச்சமாகத்தான் இருந்தது. இன்று அவன் மகனுக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன.