காண்பான் இல்லாத சாட்சி

வளையம் என்றால் கையில் குலுங்கும் வளையலே நம் நினைவுக்கு வரும். நான் பேசப் போவதோ, கேலியம் ஆர்செனைடு என்னும் குறைகடத்தியில் செதுக்கிய, மைக்ரான் கணக்கில் அளக்க வேண்டிய வளையத்தைப் பற்றி. தனிப்பூஜ்ய வெப்பநிலைக்கு மிக அருகில் குளிர்வித்தால், ஒரே எலெக்ட்ரானின் அலை அதில் இருபுறமும் பிரிந்து சென்று மறுமுனையில் கூடுகிறது. குளத்து அலைகளைப் போல, முகடும் முகடும் சேர்ந்தால் மின்னோட்டம் ஏறும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் இறங்கும். காந்தப் புலத்தை மெல்லக் கூட்டினால் இவை மாறி மாறி வரும். அஹரனோவும் போமும் 1959இல் வகுத்த கொள்கையின் விளைவு இது.

இந்த ஒத்திசைவு எப்போது கெடுகிறது? “காண்பான் ஒருவன் கண்டால் கெடும்” என்பார், விடுதியில் என் அறை நண்பர். தத்துவ மாணவர், நள்ளிரவில் வேதாந்தத்தையும் துணைக்கு அழைப்பார். பௌதிகம் பயிலும் எனக்கு அது ஒப்பவில்லை.

1998இல் இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தார், ஒரு பாதையில் எலெக்ட்ரான் சற்றே தங்கிச் செல்லச் சிறு குழி அமைத்து, அருகில் வேறொரு மின்பாதையை வைத்தார்கள். எலெக்ட்ரான் தங்கினால் அப்பாதையின் ஓட்டம் சிறிது மாறும். அவ்வளவே, ஏற்ற இறக்கம் மங்கியது. இந்த எலெக்ட்ரான் இவ்வழி வந்தது என்று ஒவ்வொன்றாக எவரும் குறித்துக்கொள்ளவில்லை. வெளியே தடம் பதிந்ததே போதுமாயிற்று. இதைச் சொன்ன இரவு நண்பர் உறங்கவில்லை. (எனக்கும் உறக்கம் வரவில்லை என்பது வேறு.)

இயற்கையில் இத்தகைய ஒற்றர்கள் ஏராளம். அக்கம்பக்கத்து எலெக்ட்ரான்கள் உண்டு. படிக அணுக்களின் நடுக்கம் உண்டு. வெப்பம் ஏற ஏற அவற்றின் கை ஓங்கும். சாதாரண அறை வெப்பத்திலோ, அவ்வளையம் வெறும் கம்பிதான்.