கொழும்பு என்னும் நகரும் மேசை

மாதிரிப் புகையிரதக் கண்காட்சிகளுக்குச் செல்பவர்கள் முன்னால் தெரியும் நிலையத்தையும் மேடையையும் கைகாட்டி மரத்தையும் பார்த்து மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். அந்த வண்டிகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு பாலத்துக்கு அடியிலோ மரங்களுக்குப் பின்னாலோ தண்டவாளம் மறைந்துவிடும். அதற்கு அப்பால் ஒரு வெறும் பலகை இருக்கும். புல்லும் இல்லை, கட்டடமும் இல்லை. வண்டிகள் மட்டும் வரிசையாகக் காத்து நிற்கும். ஆங்கிலேயர் அதனை ‘ஃபிடில் யார்ட்’ என்பர். வண்டிகளைக் கையால் எடுத்தும் வைத்தும் மாற்றியும் ஒழுங்குபடுத்தும் இடம் அது.

பிரித்தானியாவில் இந்தக் கலை வளர்ந்ததற்கு வீடுகளின் நெருக்கடி ஒரு முக்கிய காரணம். சிரில் ஃபிறீசர் என்ற பத்திரிகை ஆசிரியர் 1957 இல் ‘மைனொறீஸ்’ என்ற சிறிய திட்டமொன்றை வெளியிட்டார். ஒரு நகரத்து முனைய நிலையம், அதன் மறுமுனையில் மறைவான வண்டித் தரிப்பிடம்; அவ்வளவுதான். பெரிய அறை இல்லாதவரும் புகையிரதம் ஓட்டலாம் என்ற நம்பிக்கையை அது பலருக்குக் கொடுத்தது. பத்திரிகைத் தொழிலில் பல்லாண்டுகள் கழித்த எனக்கு, இன்னொரு பத்திரிகைக்காரர் வரைந்த அந்தத் திட்டத்தின் மீது தனியான மதிப்பு உண்டு. கொடுக்கப்பட்ட இடத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பது எங்கள் இருவருக்கும் பொதுவான வேலை.

லண்டனில் வீட்டின் பின்புறக் கொட்டிலில் நான் அமைத்திருப்பது காங்கேசன்துறை நிலையம், எழுபதுகளின் காங்கேசன்துறை. வடபகுதிப் பாதையின் கடைசி நிலையம் அது. கொழும்புக் கோட்டையிலிருந்து அங்கே செல்ல ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஓ-ஓ அளவு எனப்படும் 1:76 விகிதத்தில் சுருக்கினாலும் அந்தத் தூரம் 5 கிலோமீற்றருக்கு மேல் வரும். எனவே மாகோ, அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு, யாழ்ப்பாணம், சுன்னாகம் எல்லாம் சேர்ந்து ஒரே பலகைக்குள் அடங்கியாக வேண்டும். என் மறைவிடத்துக்கு ஊர்ப்பெயர் வைப்பதாயின் அது ‘கொழும்பு’ என்றுதான் இருக்க முடியும்.

தண்டவாள அகலம் பற்றி ஒரு சொல். இலங்கையின் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். ஓ-ஓ அளவில் அது 22 மில்லிமீற்றர் ஆகும். கடைகளில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர். ஆங்கிலேயரின் சொந்தப் பாதையே இந்த அளவில் 18.83 மில்லிமீற்றர் இருக்க வேண்டும், அவர்களும் 16.5 உடன் சமாதானமாகி நெடுங்காலமாகிறது. நானும் அவ்வாறே செய்தேன்.

இனி விடயத்துக்கு வருகிறேன். மறைவிடத்தில் ஐந்து வண்டிகள் நிற்க வேண்டுமாயின் ஒரு பாதை ஐந்தாகப் பிரிய வேண்டும். அதற்கு நான்கு தண்டவாள மாற்றிகள் தேவை. பீக்கோ நிறுவனத்தின் நடுத்தர மாற்றி ஒன்றின் நீளம் 219 மில்லிமீற்றர். நான்கையும் அடுத்தடுத்து வைத்தால் ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் மாற்றிகளுக்கே போய்விடும். நான் செய்த கனேடிய எஞ்சினும் நான்கு பெட்டிகளும் சேர்ந்து 115 சென்ரிமீற்றர். இரண்டையும் கூட்டினால் என் காருக்குள் ஏறாத பலகை ஒன்று வேண்டும்.

இதற்கான மாற்று வழிதான் ‘ட்ரவேர்சர்’ எனப்படும் நகரும் மேசை. பாதை பிரிவதில்லை; மேசையே பக்கவாட்டில் நகர்ந்து, வேண்டிய தண்டவாளத்தை வாசலுக்கு முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. இது விளையாட்டுக்காகக் கண்டுபிடித்த உபாயம் அன்று. 1909 இல் திறக்கப்பட்ட பேர்மிங்ஹாம் மூர் ஸ்ரீற் நிலையத்தில், மேடையின் முனையில் அகப்பட்ட எஞ்சினை அடுத்த பாதைக்கு மாற்றுவதற்கு இத்தகைய நகரும் மேசைகளையே பயன்படுத்தினர். இடம் போதாத போது மனிதன் கண்ட வழி பெரிதிலும் சிறிதிலும் ஒன்றாகவே இருக்கிறது.

என் மேசை 12 மில்லிமீற்றர் பிளைவூட் பலகை. நீளம் 1200, அகலம் 260 மில்லிமீற்றர். ஐந்து தண்டவாளங்கள் 50 மில்லிமீற்றர் இடைவெளியில் கிடக்கின்றன. முதலாவதிலிருந்து ஐந்தாவதுக்குச் செல்ல மேசை 200 மில்லிமீற்றர் நகர வேண்டும். ஆகவே அதைத் தாங்கும் அடிப்பலகையின் அகலம் 460 க்குக் குறையக்கூடாது. இந்தச் சிறு கூட்டல் கணக்கைப் பலகை அறுக்கும் முன்னரே செய்துவிட வேண்டும்.

நகர்வதற்கு, சமையலறை லாச்சிகளில் பூட்டும் குண்டுச் சட்டங்கள் இரண்டு போதும். மேசையின் இரு முனைகளிலும், தண்டவாளத்துக்குச் செங்குத்தாக அவற்றைப் பூட்டினேன். இரண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருப்பது அவசியம். சற்றுப் பிசகினாலும் மேசை பாதி வழியில் இறுகிவிடும். நான்கு மூலைகளுக்கும் குறுக்கே அளந்து, இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக வரும்வரை திருகாணிகளை இறுக்கக் கூடாது. மேசை முழுவதும் வெளியே வரும்போது அதன் ஓரம் பாரத்தால் தாழும். அதைத் தடுக்க, ஓரத்தின் கீழே வழவழப்பான மேற்பூச்சுத் தகடு ஒன்றை ஒட்டி மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டேன். மேசை அதன் மீது வழுக்கிச் செல்கிறது.

எல்லாவற்றிலும் கடினமானது தண்டவாளம் தண்டவாளத்தைச் சந்திக்கும் இடம். அங்கே அரை மில்லிமீற்றர் விலகினாலும் சில்லு தடம் புரளும். பலர் முதலில் தண்டவாளத்தைப் பொருத்திவிட்டு, பின்னர் அதற்கேற்பத் தாழ்ப்பாளை வைக்க முயல்கின்றனர். மறுதலையாகச் செய்வதே நல்லது. வாசலருகே பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றை அசையாமல் பூட்டினேன். மேசையின் ஓரத்தில் அந்தத் தாழ்ப்பாளின் தண்டு நுழையும் பித்தளைக் குழாய்கள் ஐந்து. தாழ்ப்பாளைப் போட்டு மேசையை நிலைப்படுத்திய பிறகே, வாசல் தண்டவாளத்துக்கு நேராக உருக்கு அளவுகோலை வைத்து, மேசைத் தண்டவாளத்தைப் பொருத்தினேன். ஐந்துக்கும் ஐந்து தடவை இதே வேலை. தண்டவாள முனைகளின் கீழே பித்தளைத் திருகாணிகள் இருக்கின்றன. அவற்றைச் சிறிது சிறிதாகத் திருப்பி உயரத்தைச் சரிசெய்து, பின்னர் ஈயத்தால் பற்றவைத்தேன். இனி முனை அசையாது.

இந்தத் தாழ்ப்பாளுக்கு இன்னொரு கடமையும் உண்டு. மின்சாரம் அதனூடாகவே செல்கிறது. ஒரு பக்கத் தண்டவாளங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான நெகிழ்கம்பி ஒன்று போகிறது. மறுபக்கத்துக்குத் தாழ்ப்பாள் நுழைந்த குழாய் மட்டுமே மின்சாரத்தைக் கொடுக்கும். வாசலுக்கு நேராக நில்லாத வண்டி, கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் அசையாது. தரையில் விழவும் மாட்டாது. எங்கள் ஒற்றை வழிப் பாதைகளில் சாரதி கையில் ‘டப்லெற்’ வளையம் இல்லாமல் அடுத்த பகுதிக்குள் வண்டியைச் செலுத்தக் கூடாது என்ற விதி இருந்தது. என் மேசையில் அந்த வளையத்தின் வேலையை ஒரு கதவுத் தாழ்ப்பாள் செய்கிறது.

ஐந்து பாதைகளில் நான்கில்தான் வண்டிகள் நிற்கின்றன: யாழ்தேவி, இரவுத் தபால் வண்டி, சீமெந்துச் சரக்கு வண்டி, உள்ளூர்க் கோச்சி. ஐந்தாவது எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும். வருகின்ற வண்டிக்கு இடம் வேண்டுமல்லவா?

வேலை முடிந்ததும், புகையிரத சேவையில் இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் பார்க்க வந்தார். மேசையை இரண்டு தரம் இழுத்துத் தள்ளித் திருப்தியடைந்த பின் சொன்னார்:

“அண்ணை, இதை ஒரு திரை போட்டு மூடிவிடுங்கோ. கொழும்பு வெளியில தெரிஞ்சால் காங்கேசன்துறை காங்கேசன்துறையா இராது.”

மாதிரிக் கலையின் மரபுப்படி அவர் சொன்னது சரி. நான் மூடவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

யாழ்தேவி 1956 இல் ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கிளப்பப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குக் கூரையாயின. மீண்டும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புகையிரதப் பாதை என்பது புதர் மண்டிய ஒரு மண்மேடு. நிலையக் கட்டடங்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு நிலையம் தனியாக நிலையமாவதில்லை. மறுமுனையில் இன்னொன்று இருந்து, இரண்டுக்கும் இடையில் தண்டவாளம் ஒட்டியிருக்க வேண்டும். அன்று மேடைகள் எஞ்சின. அறுந்தது, காண்பவர் எவரும் கவனிக்காத அந்த இணைப்பு.

இந்தப் பலகைகளை நான் கொண்டுபோய் வைப்பது நம்மவர்களின் மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும்தான். அங்கே வரும் பிள்ளைகளுக்கு நிலையம் மட்டும் தெரிந்து, வண்டி எங்கோ மறைந்து போனால், அது ஒரு பொம்மை. அது போய்ச் சேரும் இடமும், திரும்பி வருவதற்கு யாரோ ஒருவர் தாழ்ப்பாள் போடுவதும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது பாதை.

நண்பருக்கு இதை இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. “மூடினால் வண்டி எங்கை போகுதெண்டு பிள்ளையளுக்கு ஆர் சொல்லுறது, தம்பி?” என்று மட்டும் கேட்டேன். அவர் சற்று யோசித்தார். பின்னர் மேசையின் ஓரத்தில் ‘கொழும்பு கோட்டை’ என்று மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டும்படி கூறினார். நிலையப் பெயர்ப் பலகை அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

எழுதி ஒட்டியாயிற்று. அடுத்த மண்டபத்தில் தாழ்ப்பாள் போடும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விட்டுவிட எண்ணியிருக்கிறேன்.