வல்வெட்டித்துறைக் கரையில் ஒரு கப்பல் கணக்கு

வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நின்றால், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை பாய்விரித்துப் போன இவ்வூர் அன்னபூரணியின் நினைவு வரும். இப்போது பயணக் கப்பல் பார்க்க மேற்கே காங்கேசன்துறைக்குப் போகவேண்டும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் அங்கே வந்தது.

இத்தகைய கப்பல்களில், சீட்டு எடுத்தபின் கட்டணம் இறங்குவதுண்டு. என் உறவுக்காரப் பெண் ஒருவர் வெட்கப்பட்டுக் கேளாமலே விட்டுவிட்டார். இருவரும் பொருந்திப் பேசிய விலை பேசியதுதான். மார்க்கச் சட்டமும் அதுவே. ஆனால் மனமுவந்து விட்டுத்தரக் கேட்பது குற்றமா? முழுப்பணம் கட்டும் கடைசி நாளுக்குமுன் கேட்டால், பல கம்பெனிகள் புதிய விலைக்கு மாற்றித் தரும். அதற்குப்பின் பணம் திரும்புவது அரிது. கப்பலுக்குள் செலவிட ஒரு தொகையோ, இன்னும் நல்ல அறையோ கொடுக்கலாம். அவர்களாக அழைத்துச் சொல்லமாட்டார்கள். சீட்டு எடுத்துத் தந்த ஏஜெண்டிடமே கேளுங்கள்.