தெரியாது என்று சொல்லும் நிரல்

கடற்பரப்புக்கான வானிலை அறிக்கையில் பொத்துவில் என்ற பெயர் பெரும்பாலும் எல்லைக்கல்லாகவே வரும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை ஒரு காற்று, பொத்துவிலிலிருந்து அம்பாந்தோட்டை வரை இன்னொரு காற்று. எங்கள் அறுகம்பே பொத்துவிலுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. இரண்டு வரிகளையும் கேட்டு என்ன செய்ய வேண்டும் என்று கடற்றொழிலாளிக்குத் தெரியும். கணினிக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

என் வாப்பா கடலுக்குப் போகிறவர். சென்ற கச்சான் காலத்தில், பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் காக்கா அவருக்காகப் பைதன் மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதினார். மாலையானதும் அது ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும். காற்றின் வேகத்தை மட்டும் எடுத்து, வாப்பாவின் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும். இதைத்தான் 'வெப் ஸ்கிரேப்பிங்' என்கிறார்கள். தேங்காய் துருவுவது போன்ற வேலை இது. பூ மட்டும் வரவேண்டும், சிரட்டை வரக்கூடாது.

"நீ உயர்தரத்துக்கு ஐசிடி படிக்கிறாய்தானே, இதுக்கு அலகுச் சோதனை எழுது" என்றார் காக்கா. நிரலின் ஒரு சிறு பகுதிக்கு ஓர் உள்ளீட்டைக் கொடுத்து, எதிர்பார்த்த விடை வருகிறதா என்று பார்ப்பதே அலகுச் சோதனை. பாடப் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால், அந்தச் சோதனைகளையே இன்னொரு மென்பொருள் எழுதித் தரும் என்பது எனக்குப் புதிது.

அந்தக் கருவியின் பெயர் 'பின்குவின்'. ஜேர்மனியின் பசாவ் பல்கலைக்கழகத்தில் உருவானது. பைதன் நிரலொன்றைக் கொடுத்தால், பலவித உள்ளீடுகளை அனுப்பி அதை ஓடவிடும். நிரலின் அதிகமான வரிகளை ஓடவைத்த உள்ளீடுகளைத் தெரிவு செய்து, அவற்றை மாற்றியும் கலந்தும் மீண்டும் முயலும். கடைசியில் சோதனைகளைப் பட்டியலாகத் தரும்.

இங்கே முதலிலேயே ஓர் எச்சரிக்கை வேண்டும். இக்கருவி நிரலை உண்மையாகவே ஓட்டிப் பார்க்கிறது. பக்கத்தைத் திறக்கும் வேலையும் அதனுள் இருந்தால், யாரோ ஒருவருடைய இணையத்தளத்தின் கதவைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கும். அது நாகரிகமல்ல. ஆகவே பக்கத்தைக் கொண்டுவரும் பகுதியை ஒதுக்கிவிட்டு, பக்கத்தை வாசிக்கும் பகுதியை மட்டும் கருவியிடம் கொடுத்தோம்.

சற்று நேரத்தில் சோதனைகள் வந்தன. ஒன்று மிகவும் உதவியது. உள்ளீடு எதுவுமே இல்லாதபோது நிரல் உடைந்துவிடும் என்று காட்டியது. ஆனால் இன்னொன்றை வாசித்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. வெற்றுப் பக்கத்தைக் கொடுத்தால் காற்றின் வேகம் 0 என்று வரும், அதுவே சரியான விடை என்று அது எழுதியிருந்தது. இரண்டு வரிகளிலும் பொத்துவில் வந்தால் என்ன செய்வது என்று ஒரு சோதனைகூடக் கேட்கவில்லை.

கருவியில் குற்றமில்லை. நிரல் இன்று என்ன செய்கிறது என்பதைத்தான் அது பதிவு செய்கிறது. நிரல் என்ன செய்ய வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? சரியான விடையை யார் சொல்வது என்ற இந்தக் கேள்வியை மென்பொருள் ஆய்வாளர்கள் 'ஒராக்கிள் பிரச்சினை' என்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அந்த விடையைச் சொல்லக்கூடியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன்.

"காத்து இல்லையெண்டு சொல்றதும் தெரியாதெண்டு சொல்றதும் ஒண்டா புள்ள? இல்லையெண்டா நான் போவன். தெரியாட்டி விசாரிச்சுப் போட்டுத்தான் போவன்."

"ரெண்டு வரியிலயும் பொத்துவில் வந்தா வாப்பா?"

"கூடின காத்தத்தான் கணக்கெடுக்கணும்."

"நேற்றைய அறிக்கையே இன்னும் பக்கத்தில கிடந்தா?"

"அது இண்டைக்கு உதவாது."

வாப்பா ஒரு வரிகூட நிரல் எழுதியதில்லை. ஆனாலும், எங்கள் சோதனைகளுக்கு வேண்டிய மூன்று விதிகளையும் அவரே தந்தார். காக்கா நிரலைத் திருத்தினார். நான் சோதனைகளை எழுதினேன்.

அதற்காக இயந்திரத்தை ஒதுக்கிவிடவில்லை. 2000ஆம் ஆண்டில் கூன் கிளாசென், ஜோன் ஹியூஸ் என்ற இருவர் 'குவிக்செக்' என்ற கருவியை வெளியிட்டனர். அதில் விதியை மனிதர் எழுதுவார், அந்த விதியை உடைக்கக்கூடிய உள்ளீடுகளை இயந்திரம் தேடும். பைதனில் இதே வழியில் செல்வது 'ஹைபொதெசிஸ்'. 'எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் விடை ஒன்றில் அதில் எழுதப்பட்ட வேகமாக இருக்க வேண்டும், அல்லது தெரியாது என்று வரவேண்டும்' என்று விதி எழுதினோம். நூற்றுக்கணக்கான பொய்ப் பக்கங்களை இயந்திரம் சலிக்காமல் உருவாக்கியது. நான் இரவிரவாக இருந்தாலும் அத்தனையை எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு குறை இன்னும் உண்டு. அலகுச் சோதனைகள் எல்லாம் நாங்கள் சேமித்து வைத்த பக்கங்களில் ஓடுபவை. உண்மையான பக்கத்தின் அமைப்பு நாளை மாறினாலும் அவை பச்சை நிறத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். ஆகவே, அன்றைய பக்கத்தில் திகதியும் வேண்டிய வரிகளும் இருக்கின்றனவா என்று தினமும் பார்க்கத் தனியாக ஒரு சோதனையும் சேர்த்தோம்.

ஐசிடி படிக்கும் தோழியரே, சோதனைகளை எழுதித் தரும் கருவிகள் இன்னும் கெட்டித்தனமாக வரும். தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அவை தரும் சோதனைகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள், நிரலின் விடையை நம்பி வெளியே இறங்கப் போகிறவரிடமும் ஒருமுறை கேளுங்கள். எங்கள் நிரல் சில மாலைகளில் "இன்று தெரியாது" என்று செய்தி அனுப்புகிறது. அன்று வாப்பா வானொலியைத் திருப்புகிறார்.